தையல் இல்லாத சட்டை

பச்சை 84, கறுப்பு 84. ஆக மொத்தம் 168 சதுரங்கள்.

தைத்து முடித்தபின் சதுரம் நாலு அங்குலம் நிற்க வேண்டுமென்றால், சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு ஐந்து அங்குலமாக வெட்ட வேண்டும். 36 அங்குல அகலப் பாப்ளினில் குறுக்கே ஏழு சதுரம் விழும். ஓர் அங்குலம் மிஞ்சும். ஏழேழாகப் பன்னிரண்டு வரிசை வெட்ட 60 அங்குல நீளம் போதும். நிறத்துக்கு ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கிவிட்டால், கத்தரி பிசகினாலும் சமாளித்துக்கொள்ளலாம். உடலுக்கு இரண்டு பட்டை. முன்பக்க விளிம்பில் தொடங்கித் தோளைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கும் ஒவ்வொரு பட்டையும் 72 அங்குல நீளம், 12 அங்குல அகலம். பட்டைக்கு 54 சதுரம். கை ஒன்றுக்கு முப்பது. கூட்டினால் 168.

இத்தனையும் ஒரு கரி வியாபாரக் குடும்பத்துப் பையனுக்காக. பெயர் தஞ்சிரோ கமாடோ. 1912 முதல் 1926 வரை நீடித்த ஜப்பானின் தைஷோ காலத்தில், மலையில் கரி சுட்டு விற்றுப் பிழைத்த குடும்பம் அரக்கனிடம் அழிந்துபோக, மிஞ்சிய தங்கையைக் காப்பாற்ற வாள் எடுக்கிறவன். கொயோஹாரு கோதோகே 2016இலிருந்து 2020 வரை தொடராக வரைந்த ‘டீமன் ஸ்லேயர்’ காமிக்ஸின் நாயகன். 2019இல் அது டிவித் தொடரானது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘இன்ஃபினிட்டி காசில்’ படம் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அவன் சீருடைக்கு மேல் திறந்தபடி போட்டுக்கொள்ளும் பச்சை கறுப்புக் கட்டம் போட்ட அங்கிக்கு ஹவோரி என்று பெயர். கதைப் பாத்திரத்தின் உடையை அப்படியே போட்டுக்கொள்ளும் காஸ்பிளேக்காக முதல்முறை தைக்க உட்காருகிறவர்களுக்கு அது வசதியான உடுப்பு. கைக்குழி வளைவு கிடையாது, டார்ட் கிடையாது, கொக்கி கிடையாது. கிட்டத்தட்ட எல்லாமே நேர்வெட்டு. கட்டம்தான் வம்பு.

மாதிரிக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கோவை ஆர்.எஸ்.புரம். சம்பந்தம் ரோடு, பெரியசாமி ரோடு, ஆரோக்கியசாமி ரோடு என்று தெருவுக்குத் தெரு டி.பி. ரோட்டைத் தொட்டதும் கிழக்கு, மேற்கு என்று பெயர் பிரித்துக்கொள்ளும் பகுதி. நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய புரம். முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு கணம் யோசிப்பார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் பேத்தி. பேத்தியோடு தங்கியிருக்கும் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. அம்மிச்சியோடு வந்து சேர்ந்த, காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின். இந்த மூன்றும் இருக்கும் வீடு கொங்கு நாட்டில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு அரிதில்லை என்பதால் கற்பனைக்கு அதிகம் செலவில்லை.

முதல் சிக்கல் பச்சை. மேட்சிங் கடையில் சேலையைக் கொடுத்து ரவிக்கைத் துணி கேட்பார்கள். இவள் போனை நீட்டுகிறாள். கடைக்காரர் போனை வாங்கிப் பார்க்கிறார். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு பச்சை, குறைத்தால் இன்னொரு பச்சை. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை, மயில் பச்சை என்று கட்டுக் கட்டாக மேசையில் விரிகின்றன. தஞ்சிரோவின் பச்சை இவற்றில் எதுவுமில்லை. இலைக்கும் மயிலுக்கும் நடுவில் எங்கோ கொஞ்சம் நீலம் கலந்து நிற்கிறது.

“ஏனுங்க அம்மிச்சி, இந்த ரெண்டுல எது கிட்டத்துல இருக்குதுங்க?”

“எனக்கென்ன கண்ணு தெரியும்? வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாரு. கடை லைட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.”

வெயிலில் பார்த்தால் துணியின் நிறம் தெரியும். கார்ட்டூனின் நிறத்தை எந்த வெயிலில் பார்ப்பது? அது வெளிச்சத்தாலேயே ஆன நிறம். அதற்குச் சாயம் கிடையாது, நூல் கிடையாது, நிழலில் மங்காது, துவைத்தால் வெளுக்காது. கடையில் இருப்பதோ பஞ்சும் சாயமும். தைக்க உட்காருகிறவள் முதல் நாளே ஒரு சமரசம் செய்துகொண்டாக வேண்டியிருக்கிறது.

நிறத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கார்ட்டூன் உடுப்புக்குத் தையலே கிடையாது. டோராவை எடுத்துக்கொள்ளலாம். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவள் உடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும்: இளஞ்சிவப்பு டி-ஷர்ட், ஆரஞ்சு டிரவுசர், மஞ்சள் சாக்ஸ், முதுகில் ஊதாப் பை. ஆனால் அந்த டி-ஷர்ட்டின் கழுத்தில் ரிப் இருக்கிறதா, ஓரம் எத்தனை அங்குலம் மடிகிறது, தோள் தையல் எங்கே உட்காருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. படத்தில் அது ஒரு கோடு, கோட்டுக்குள் ஒரு நிறம். அவ்வளவு பெரிய தலை அந்தக் கழுத்து வழியாக நுழையாது என்பதும் கவனித்தால் புரியும். டோரா ஒருநாளும் சட்டை மாட்டியவள் கிடையாது. சட்டையோடு வரையப்பட்டவள்.

இதற்குத் தொழில் காரணமும் உண்டு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைத்துச் சமாளித்தாலும், நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு படம் வரைந்தாக வேண்டும். சட்டையில் ஒரு பொத்தான் கூடினால் அந்தப் பொத்தானை ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டும். அதனால்தான் கார்ட்டூன் மனிதர்கள் வருஷம் முழுக்க ஒரே உடையில் திரிகிறார்கள். அந்த உடையிலும் மடிப்பு, ஜிப், பாக்கெட் எல்லாம் முடிந்தவரை கழிந்துபோகின்றன. வரைகிறவர் மிச்சம் பிடித்த உழைப்பு முழுவதும் தைக்கிறவர் தலையில் வந்து விழுகிறது. ஜிப்பை எங்கே ஒளிப்பது, படத்தில் மடங்காத காலர் நிஜத்தில் மடங்காமல் நிற்க எத்தனை அடுக்குக் கேன்வாஸ் வைப்பது, முழங்கையை மடக்கினால் கை எங்கே சுருங்கும் என்பதையெல்லாம் இவள்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரண டெய்லர் ஆளை அளந்து துணியை வெட்டுகிறார். இங்கே ஒரு கையில் ஆளின் அளவு, மறு கையில் ஆளே இல்லாத ஒரு படம். இரண்டுக்கும் நடுவே விழும் ஒவ்வொரு தையலும் தைக்கிறவளின் சொந்த முடிவு. பார்த்துச் செய்வதுதானே, இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரே ஒருமுறை ஒரு கார்ட்டூன் காலரைத் தைத்துப் பார்க்கலாம்.

கட்டத்துக்கு வருவோம். கட்டம் போட்ட துணிக்கா கொங்கு நாட்டில் பஞ்சம், ஈரோட்டுச் சந்தையில் லுங்கியாக அடுக்கி வைத்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லுங்கிக் கட்டத்தை உற்றுப் பார்க்க வேண்டும். பாவில் பச்சையும் கறுப்பும் மாறிமாறி ஓட, ஊடையிலும் அதே மாதிரி ஓடினால், பச்சைப் பாவில் பச்சை ஊடை விழும் இடம் முழுப் பச்சை. கறுப்பில் கறுப்பு விழும் இடம் முழுக் கறுப்பு. பச்சைப் பாவில் கறுப்பு ஊடை விழும் இடமோ இரண்டும் கெட்டானாக ஒரு கரும்பச்சை. சாதா நெசவில் இந்த மூன்றாம் நிறத்தைத் தவிர்க்க வழியே இல்லை. சதுரங்கப் பலகைபோல இரண்டே நிறம், இரண்டும் முழுசாக வேண்டுமானால் ஜக்கார்டில் நெய்ய வேண்டும், அச்சடிக்க வேண்டும், அல்லது துண்டு துண்டாக வெட்டி ஒட்டுத் தையல் போட வேண்டும். 168 என்ற எண் பிறந்தது அங்கேதான்.

ஜப்பானில் இந்தச் சதுரங்கக் கட்டத்துக்கு இச்சிமாட்சு என்று பெயர். பெயர் வந்த கதை இந்தக் கட்டுரைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கட்டம் பழசு, பெயர் மட்டும் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், சனோகவா இச்சிமாட்சு என்ற கபுகி நடிகர் மேடையில் அந்தக் கட்டம் போட்ட உடையில் தோன்றினார். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய் ஊரே அந்தக் கட்டத்தில் கிமோனோ உடுத்தத் தொடங்கியது. கட்டத்துக்கு நடிகரின் பெயரே நிலைத்துவிட்டது. காஸ்பிளே என்ற சொல் பிறக்க இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது; ரசிகர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

2020இல் ‘டீமன் ஸ்லேயர்’ காமிக்ஸை வெளியிடும் ஷுயேஷா நிறுவனம் முக்கியப் பாத்திரங்கள் ஆறு பேரின் உடை வடிவங்களை வணிகக் குறியீடாகப் பதிவு செய்யக் கோரி விண்ணப்பித்தது. மூன்று கிடைத்தன. தஞ்சிரோவின் கட்டம் கிடைக்கவில்லை. அது காலங்காலமாக எல்லோரும் புழங்கிவரும் பொதுவான கட்டம், ஒரு நிறுவனத்தின் அடையாளமாக ஆகாது என்பதுதான் ஜப்பான் காப்புரிமை அலுவலகத்தின் நிலை. ஆக, தஞ்சிரோவுக்குச் சொந்தக்காரர் உண்டு. அவன் சட்டையின் கட்டத்துக்கு இல்லை. ஆர்.எஸ்.புரத்து மெஷினில் தைக்கிறவளுக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொண்டால் தவறில்லை.

காஸ்பிளே என்ற சொல் 1983இல் நொபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியர் ஒரு அனிமே இதழில் எழுதியபோது உருவானது. காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கத்தரித்து ஒட்டிய தையல்தான் அதுவும். செயல் அதற்கும் முந்தியது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு இரண்டு பேர் எதிர்கால உடையில் வந்தார்கள். ஃபாரஸ்ட் அக்கர்மன் ஒருவர். மற்றவர் மிர்ட்டில் டக்ளஸ். எஸ்பெராண்டோ மொழி எழுத்துகளால் அமைத்த மொரோஜோ என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். பத்திரிகை அட்டைகளில் ஃபிராங்க் பால் வரைந்த ஓவியங்களைப் பார்த்து இரண்டு உடைகளையும் உருவாக்கித் தைத்தவர் மொரோஜோதான். ஆனாலும் நெடுங்காலம் அக்கர்மனின் பெயர்தான் முன்னால் நின்றது. போட்டுக்கொண்டு நின்றவருக்குப் பேர், தைத்தவருக்கு ஊசி. இது நியூயார்க்கின் வழக்கம் மட்டும் கிடையாது என்று சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவிலும் புலியகுளம் பட்சிராஜா ஸ்டுடியோவிலும் ஊசி பிடித்தவர்கள் சொல்லியிருக்கக்கூடும். எம்.ஜி.ஆர். வேஷத்துக்கு வேஷம் மாறிவந்த ‘மலைக்கள்ளன்’ 1954இல் பட்சிராஜாவின் தயாரிப்பு. அந்த உடைகளைத் தைத்த கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் வேஷத்தை யாரும் தைப்பதில்லை, கட்டுகிறார்கள். வேட்டி கட்டுவது, சேலை கட்டுவது, முண்டாசு கட்டுவது, வேஷம் கட்டுவது. கூத்துக்காரர் மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடத்தையும் தோள்கட்டையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டித்தான் துரியோதனன் ஆகிறார். அவிழ்த்தால் போயிற்று. நம் பழைய உடுப்பெல்லாம் ஒரே நீளத் துணி. உடம்பில் ஏறும்போது மட்டும் உருவம் பெறும். காஸ்பிளே அதற்கு நேர் எதிர். ஆள் உள்ளே இல்லாதபோதும் ஹேங்கரில் தொங்கியபடியே தஞ்சிரோ தஞ்சிரோவாக இருந்தாக வேண்டும். கட்டும் மரபிலிருந்து தைக்கும் மரபுக்கு நாம் வந்துசேர்ந்தது சமீபத்தில்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி பரதநாட்டிய உடை. 1935இல் மேடையேறிய ருக்மிணி தேவி, கோயில் சிற்பங்களைப் பார்த்து அதற்கேற்ற உடையை வடிவமைக்க நினைத்தபோது, கைகொடுத்தவர் மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர். கல்லில் செதுக்கிய உடைக்கும் தையல் கிடையாது. கொசுவம் விசிறியாக விரிய எங்கே மடிக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இன்று அரங்கேற்றத்துக்காக டி.பி. ரோடு பாரதிய வித்யா பவன் மேடையில் ஏறும் பெண்ணின் உடை, சிற்பத்தைப் பார்த்துத் தைத்த காஸ்பிளே என்று சொன்னால் சபாவினர் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லிவைக்கலாம்.

படத்தைப் பார்த்து வேஷம் போடும் பழக்கம் நமக்குப் பெரிய அளவில் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி, காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் குறவராகவும் போலீஸாகவும் ராஜாவாகவும் வேஷமிட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கிவந்து கோயிலில் செலுத்துகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே வரும் காளியின் முகமும் கிரீடமும் கை நிறைந்த ஆயுதங்களும் கருவறையிலிருந்து வந்தவை என்பதைவிடக் காலண்டரிலிருந்து வந்தவை என்பதே பொருத்தம். அந்தக் காலண்டர் சாமிகளை நம் வீட்டுச் சுவர்களில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். மேடையிலிருந்து காலண்டருக்கு, காலண்டரிலிருந்து மறுபடி தெருவுக்கு. குலசேகரன்பட்டினத்தில் உலோக ஆயுதங்கள் கொண்டுவரக் கூடாது என்று போலீஸ் அறிவிப்பதுண்டு. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழாவின் வாசலிலும் கத்தி நிஜக் கத்தியாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. நேர்த்திக்கும் பொழுதுபோக்கிற்கும் இடையே உள்ள தூரம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. வாசலில் சோதிப்பவர் மட்டும் ஒரே வேலையைச் செய்கிறார்.

காமிக்ஸ் நாயகர்கள் தமிழுக்கு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. வேஷம் போட அவனைப்போல மலிவான நாயகன் இன்னொருவன் இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் முழுக்க மறைந்துவிடுவான். அந்தரத்தில் தெரிவது வலது கை மட்டும். ஒரே ஒரு கையுறை, கொஞ்சம் வெள்ளிக் காகிதம், வேலை முடிந்தது. மீதி உடம்பைக் காணாமல் ஆக்குவதைப் பார்ப்பவர்களின் பெருந்தன்மைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது பள்ளி மாறுவேடப் போட்டி என்றால் வாடகைக் கடை. பாரதியார், கட்டபொம்மன், கிருஷ்ணர், கத்தரிக்காய், 2008இல் போகோ டிவியில் வந்ததிலிருந்து சோட்டா பீம். சாட்டினில் ஒரே அளவு, பின்னால் வெல்க்ரோ, தொளதொளத்தால் ஊக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை பத்து மணிக்கு மேடையேறிப் பதினொன்றுக்கு அழத் தொடங்கும் யு.கே.ஜி. பிள்ளைக்காக யாரும் 168 சதுரம் வெட்ட மாட்டார்கள். அதிலும் சோட்டா பீமுக்கு ஆரஞ்சு வேட்டி ஒன்று போதும், மேலே சட்டையே கிடையாது; ஹைதராபாத்தில் பிறந்த நாயகன் நம் வெயிலைப் புரிந்துகொண்டவன். ஆனால் வாடகை உடுப்பில் கிடைக்காதது ஒன்றிருக்கிறது. அதை யாரும் உட்புறம் திருப்பிப் பார்ப்பதில்லை.

உட்புறம் என்றதும் திருப்பூர் நினைவுக்கு வரும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகும் ஊர். உலகக் குழந்தைகள் மார்பில் சுமக்கும் கார்ட்டூன்கள் பலவும் அங்கே அச்சாகித்தான் கப்பல் ஏறுகின்றன. ஆனால் அங்கே ஒரு டி-ஷர்ட்டை ஒருவர் தைப்பதில்லை. ஒருவர் தோள் சேர்ப்பார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் ஓவர்லாக், ஒருவர் பேட்லாக், ஒருவர் பிசிறு வெட்டுவார், ஒருவர் செக்கிங். பீஸ் ரேட்டுக்கு நாளெல்லாம் கை மட்டுமே ஏற்றியவருக்கு முழுச் சட்டை கடைசிவரை கண்ணில் படாது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதி துணியால் சோறு தின்கிறது. வேலையைத் துண்டு போட்டதால்தான் அந்தச் சோறு ஊருக்கே ஆனது. அரசு ஏழைப் பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் கொடுப்பதும் பிழைப்புக்கு ஒரு வழியாகத்தான். இப்படிப்பட்ட பகுதியில் ஒருத்தி யாரும் கேட்காத, விற்பனைக்கில்லாத, உலகத்தில் ஒன்றே ஒன்றான சட்டையை முதல் சதுரத்திலிருந்து கடைசித் தையல் வரை தானே தைக்கிறாள் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியவில்லை. தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்யும் உரிமை திருப்பூரில் பவர்டேபிளில் உட்காருகிற அவள் சித்திக்கு ஒருநாளும் கிடைத்திருக்காது.

நிறத்துக்கும் இங்கே ஒரு கணக்கு நிலுவையில் இருக்கிறது. கார்ட்டூனின் பளீர் நிறங்கள் துணியில் ஏறத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும், சாயம் வேண்டும். ஏறாமல் மிஞ்சிய சாயம் எங்காவது போக வேண்டும். அது நொய்யல் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. திரையில் பச்சைக்குச் செலவில்லை. மேட்சிங் கடைப் பச்சைக்கு உண்டு.

இனி தையல். 168 சதுரத்தையும் தனித்தனியாக வெட்டி ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவள் பாதியில் கத்தரியைத் தூக்கி எறிவாள். கையில் வழக்கம் உள்ளவர்கள் சதுரம் வெட்டுவதில்லை, நாடா வெட்டுகிறார்கள். துணியின் நீளவாக்கில், கரைக்கு இணையாக, ஐந்து அங்குல நாடாக்கள். பச்சை, கறுப்பு, பச்சை என்று மூன்றை நீளவாக்கில் சேர்த்து அடிக்க வேண்டும். கறுப்பு, பச்சை, கறுப்பு என்று இன்னொரு தொகுதி. பிறகு இரண்டையும் குறுக்கே ஐந்தைந்து அங்குலமாக வெட்டினால், மூன்று சதுரம் கொண்ட வரிசைகள் தயாராகக் கிடைக்கும். முதல் வகையில் 28, இரண்டாம் வகையில் 28. அவற்றை மாற்றி மாற்றி அடுக்கிச் சேர்த்தால் சதுரங்கப் பலகை. ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமாகவும் அடுத்த வரிசையினதை இடப்பக்கமாகவும் சாய்த்து இஸ்திரி போட்டுவிட்டால், சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலை நகராது.

இரண்டாவது பட்டையை முதலாவதைப் போலவே தொடங்கினால் தீர்ந்தது. நடுமுதுகில் பச்சையும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். தலைகீழாகத் தொடங்க வேண்டும். அனேகமாக எல்லோரும் ஒருமுறை இந்தத் தவறைச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அதைவிட நைசாக ஏமாற்றுவது அரை நூல். ஆசாரி, கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். வரிசைக்கு அரை நூல் கூடுதலாகத் தையலில் விழுங்கினால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பதினெட்டு வரிசை முடியும்போது ஒன்பது நூல் போயிருக்கும், அங்குலத்துக்கும் மேலே. இடது பட்டையும் வலது பட்டையும் பக்கத்தில் வைத்தால் சதுரங்கள் படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும்.

பேத்தி இரண்டு பட்டைகளையும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்கிறாள். பாப்ளின் இழுவைக்கு வராது.

“இது முதுகுப் பக்கந்தானுங்க அம்மிச்சி. யாருக்குத் தெரியப் போவுது?”

“பிரிச்சிரு சாமி. இன்னிக்கு வுட்டீன்னா, போடற அன்னிக்கெல்லாம் உனக்கு அது மட்டுந்தான் தெரியும்.”

பிரிப்பதற்குத் தைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். பிளேடு நுனியால் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்கத்து நூலை உருவினால் துணி கிழியாமல் பிரியும். உருவிய நூல் சுருள் சுருளாக அம்மிச்சியின் மடியில் சேர்கிறது. தஞ்சிரோ யார், அவன் எதற்காக வாள் எடுத்தான் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. இவ்வளவு சின்னத் துண்டாக வெட்டிச் சேர்க்க யார் சொன்னது என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

உள்ளே போடும் சீருடை சுலபம். அடர்நிறப் பள்ளி யூனிபார்ம் துணியே போதும், கோவையில் அதற்குக் குறைவில்லை. காதில் தொங்குவதைத் தடித்த அட்டையில் வெட்டிப் பெயிண்ட் அடிக்கலாம். வாளுக்கு ஃபோம் ஷீட். ஹவோரிக்கு மட்டும் லைனிங் கட்டாயம். இல்லாவிட்டால் இத்தனை தையல் மடிப்பின் பிசிறும் கழுத்தில் உரசும், துவைக்கத் துவைக்க உதிரும்.

சென்னையில் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. அதுவரை தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. ஹவோரியை மடித்துப் பையில் வைத்துவிடலாம், ஃபோம் வாளைத்தான் மேல் பெர்த்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காஸ்பிளே போட்டிகளில் கைவேலைக்கென்று மதிப்பெண் உண்டு. நடுவர்கள் உடுப்பின் ஓரத்தைத் திருப்பி உள் தையலைப் பார்ப்பார்கள். அக்கர்மனுக்குக் கிடைத்தது மொரோஜோவுக்குக் கிடைக்காமல் போன மாதிரி ஆகாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. நம் மாறுவேடப் போட்டிகளிலும் தைத்தவர் பெயரை மைக்கில் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் பள்ளிகளுக்கு எந்தச் செலவும் இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிவந்த அன்றே வெட்ட உட்காராதீர்கள். பாப்ளின் முதல் துவையலில் சுருங்கும். வெட்டிய பிறகு சுருங்கினால் நாலு அங்குலம் நாலு அங்குலமாக இருக்காது. கறுப்பு சாயம் விடும். விட்டால் பக்கத்துப் பச்சைதான் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி வாளியில் ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின் டேப்பை எடுங்கள். கறுப்புக்கு நாலு வாளித் தண்ணீராவது ஆகும்.